ஏலமலைக்கு எந்த வண்டி? மின்சார பைக்: அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அசெம்பிள்டு கம்ப்யூட்டரா, பிராண்டட் கம்ப்யூட்டரா? பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தினால் விலை குறையும், நமக்கு வேண்டியதை வேண்டிய அளவில் போட்டுக் கொள்ளலாம். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கினால் வாரண்டி உண்டு, பழுதானால் ஒரே இடத்தில் போய்க் கேட்கலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இப்போது அதே கேள்வி வண்டி விஷயத்திலும் வந்துவிட்டது. மின்சார சைக்கிள், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கான மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அதை மின்சார சைக்கிளாக மாற்றிவிடலாம். 2021-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பொறியியல் பட்டதாரி பழைய சைக்கிளைச் சுமார் 20 ஆயிரம் ரூபாய் செலவில் இப்படி மாற்றியது செய்தித்தாள்களில் வந்தது.

அப்படியானால் கடையில் ஏன் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும்? நானும் இப்படித்தான் நினைத்தேன். என் சொந்த ஊரான போடிநாயக்கனூரில் செய்து பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

சித்தப்பா கேட்ட கரண்டு வண்டி

போடியை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லி விடுகிறேன். தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். அங்கே விளையும் ஏலக்காய் பெருமளவில் போடிக்குத்தான் விற்பனைக்கு வருகிறது. 2007-ல் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏலத்தைக் கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் இ-ஏலமாக மாற்றியது. ஊரில் பலர் கம்ப்யூட்டர் திரையை முதன்முதலாகப் பார்த்தது ஏல மையத்தில்தான்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். கீழே வெயில் கொளுத்தும், மேலே மூடுபனியும் சாரலும் இருக்கும். தினமும் விடிகாலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்குப் போவதும், மாலையில் திரும்புவதும் இங்கே அன்றாடக் காட்சி.

என் சித்தப்பா மெட்டுக்கு அருகே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். தினமும் ஜீப்பில்தான் போய் வருவார். ஜீப் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும், மாலையில் வேலை முடிந்தாலும் ஜீப் கிளம்பும்போதுதான் கிளம்ப முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார்.

"ஏப்பா, காலேஜ் படிக்கும்போதே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணவன் நீ. எனக்கு ஒரு கரண்டு வண்டி செஞ்சு குடுக்க மாட்டியா? கடையில கேட்டா லட்ச ரூபாங்கிறான்."

"செஞ்சுரலாம் சித்தப்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொன்னது என் தவறு.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு மின்சார வண்டியைப் புரிந்து கொள்வது எளிது. முக்கியமான பாகங்கள் நான்கு.

மோட்டார்: சக்கரத்தைச் சுழற்றுவது இதுதான். சக்கரத்தின் நடுவிலேயே அமைந்தது ஹப் மோட்டார். பெடல் இருக்கும் இடத்தில் பொருத்தி, செயின் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுவது மிட் டிரைவ் மோட்டார். ஹப் மோட்டார் விலை குறைவு, பொருத்துவது எளிது. மிட் டிரைவ் விலை அதிகம், ஆனால் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக் கொள்வதால் மலை ஏறுவதற்கு ஏற்றது.

கன்ட்ரோலர்: இதை மதர்போர்டு என்று வைத்துக் கொள்ளலாம். நீங்கள் திராட்டிலைத் திருகும்போது மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது இதன் வேலை.

பேட்டரி: கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். எந்த இடமோ, வண்டியில் பேட்டரி அந்த இடம். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது இது. வண்டியின் விலையில் பெரும் பங்கும் இதற்குத்தான்.

பி.எம்.எஸ்.: பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல் வரிசையையும் கண்காணிக்கும் சிறிய சர்க்யூட் போர்டு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலும், முழுவதும் காலியானாலும், ஷார்ட் ஆனாலும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஒரு பேட்டரியின் கொள்ளளவை அறிய அதன் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் போதும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 360 வாட்-ஹவர். 1,000 வாட்-ஹவர் சேர்ந்தால் நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்.

முதலில் கணக்கு, பிறகு ஸ்பேனர்

இங்கேதான் உங்கள் புதிய கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. எக்ஸெல் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் இதைச் செய்து பாருங்கள்.

1. முதல் வரியில் 'மொத்த எடை' என்று டைப் செய்து, பக்கத்துச் செல்லில் வண்டி, ஓட்டுபவர், சாமான் மூன்றும் சேர்ந்த எடையைக் கிலோவில் கொடுங்கள். சைக்கிளுக்கு 100 என்று வைத்துக் கொள்வோம்.

2. இரண்டாவது வரியில் 'ஏறும் உயரம்' என்று டைப் செய்து, பக்கத்தில் மீட்டரில் கொடுங்கள். போடிமெட்டுக்கு 1000.

3. மூன்றாவது வரியில் 'ஏற்றத்துக்கான சக்தி' என்று டைப் செய்யுங்கள். பக்கத்துச் செல்லில் சமக்குறி தட்டி, எடை உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். பிறகு பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி தட்டி, உயரம் உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து வகுத்தலுக்கான சாய்கோடு தட்டி, 367 என்று கொடுத்து என்டர் கீயை அழுத்துங்கள்.

272 என்று விடை வரும். 100 கிலோவை 1,000 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் தேவையான வாட்-ஹவர் இது. 367 எங்கிருந்து வந்தது? பள்ளியில் படித்த எடை, புவியீர்ப்பு, உயரம் ஆகிய மூன்றின் பெருக்கல்தான். ஒரு வாட்-ஹவர் என்பது 3,600 ஜூல். அதைப் புவியீர்ப்பு எண்ணான 9.8-ஆல் வகுத்தால் 367.

இதோடு முடியவில்லை. 26 கிலோமீட்டர் தூரத்துக்கு டயர் உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்து இன்னும் ஏறக்குறைய 140 வாட்-ஹவர் எடுத்துக் கொள்ளும். மொத்தம் 410. மோட்டாரும் கன்ட்ரோலரும் பேட்டரி தரும் மின்சாரம் முழுவதையும் இயக்கமாக மாற்றிவிடாது. நான்கில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று வைத்தாலும், பேட்டரியிலிருந்து சுமார் 550 வாட்-ஹவர் எடுத்தாக வேண்டும்.

அதாவது 360 வாட்-ஹவர் பேட்டரி மெட்டுக்குப் போய்ச் சேராது. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். நான் இதைச் செய்தது வண்டியை முடித்த பிறகு!

அசெம்பிள் செய்த கதை

சித்தப்பா வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. செலவுக் கணக்கு இதோ:

சைக்கிளைப் பிரித்து ஓவர்ஹாலிங், புதிய பிரேக், டயர்: ரூ.2,300
250 வாட் ஹப் மோட்டார், கன்ட்ரோலர், திராட்டில், டிஸ்ப்ளே அடங்கிய கிட்: ரூ.9,500
36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, சார்ஜர்: ரூ.13,000
ஒயர், கனெக்டர், ஃபியூஸ், டார்க் ஆர்ம்: ரூ.1,400
லைட், ரிஃப்ளெக்டர்: ரூ.600
மொத்தம்: ரூ.26,800

டார்க் ஆர்ம் என்பது மோட்டாரின் அச்சைச் சைக்கிளின் ஃபிரேமோடு பிடித்து வைக்கும் இரும்புத் துண்டு. அதைப் பொருத்தாமல் விட்டால் மோட்டார் இழுக்கும் வேகத்தில் அச்சே சுழன்று, ஒயரை அறுத்து, சக்கரம் கழன்றுவிடும். கிட்டுடன் அது வரவில்லை. தனியாகத்தான் வாங்கினேன். அசெம்பிள் செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஊருக்குள் சைக்கிள் அருமையாக ஓடியது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். ஒரு முறை முழு சார்ஜ் செய்ய அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். தேனி வரை 15 கிலோமீட்டர் போய், பேட்டரி மிச்சத்தோடு திரும்பி வந்தேன். சித்தப்பாவுக்குச் சந்தோஷம். அடுத்த நாளே மலைக்குக் கிளம்பினோம். அவர் சைக்கிளில், நான் பின்னால் நண்பரின் பைக்கில்.

முந்தல் வரை பிரச்சினை இல்லை. ஏற்றம் தொடங்கியதும் வேகம் பாதியாகக் குறைந்தது. சில வளைவுகள் தாண்டியபோது திராட்டிலைத் திருகினாலும் இழுக்கவில்லை. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி ஏறினோம். 17 வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பேட்டரியும் தீர்ந்தது. அந்த வழியாக வந்த ஜீப்பில் இருந்தவர்கள் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சைக்கிளைத் திருப்பி இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஏன் இப்படி ஆனது? ஹப் மோட்டார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான் சிக்கனமாக வேலை செய்யும். ஏற்றத்தில் 250 வாட் சக்தியால் 100 கிலோவை மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் இழுக்க முடியும். மெதுவாகச் சுழலும் மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி வெப்பமாகிவிடுகிறது. பல ஹப் மோட்டார்களுக்குள் நைலான் பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவை சூட்டில் இளகித் தேய்ந்துவிடும். கொஞ்ச நேரம் போயிருந்தால் மோட்டாரே போயிருக்கும்.

பேட்டரியில் மட்டும் விளையாட வேண்டாம்

அடுத்து எனக்கு வந்த யோசனை: பெரிய பேட்டரி ஒன்றை நாமே செய்துவிட்டால் என்ன? பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்தால் உள்ளே விரல் பருமனுக்கு உருளையான செல்கள் இருக்கும். 18650 என்பது அவற்றின் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் காரே இந்த அளவிலான 6,831 செல்களில்தான் ஓடியது. காரே ஓடும்போது சைக்கிள் ஓடாதா?

ஓடும். ஆனால் அந்தக் காரில் ஒவ்வொரு செல்லும் புதியது, ஒரே தரம் கொண்டது, குளிரூட்டும் வசதி உடையது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்களில் ஒன்று நல்லதாக இருக்கும், இன்னொன்று பாதி செத்திருக்கும். அவற்றை ஒன்றாக இணைத்தால் பலவீனமான செல் முதலில் சூடாகும். ஒரு செல் பற்றிக்கொண்டால் அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லும் பற்றும். லித்தியம் பேட்டரித் தீயை ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அணைத்துவிட முடியாது.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2006-ல் சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளை டெல் நிறுவனம் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அது கடையில் வாங்கிய வண்டிதான். அந்த ஆண்டு நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதியை, அதாவது ஏ.ஐ.எஸ். 156 தரத்தை, கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக அது அமலுக்கு வந்தது.

சித்தியிடம் என் லேப்டாப் செல் யோசனையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதை எங்கப்பா சார்ஜ் போடுவ? பிள்ளைக படுத்திருக்கிற எடத்துலயா?" அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய அறை. வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் பிளக். என்னிடம் பதில் இல்லை. அந்த யோசனையை அன்றே கைவிட்டேன். அதோடு பிளக் பாயின்டையும் எலக்ட்ரீஷியனை வைத்து வெளித் திண்ணைக்கு மாற்றினோம். நீங்கள் எந்த வண்டி வைத்திருந்தாலும் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

● தூங்கும் அறையிலும், வெளியே போகும் வழியை அடைக்கும் இடத்திலும் சார்ஜ் போடாதீர்கள்.
● இரவு முழுவதும் கவனிக்காமல் விடாதீர்கள்.
● அந்தப் பேட்டரிக்கு உரிய சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். 36 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர், 48 வோல்ட்டுக்கு 54.6 வோல்ட் சார்ஜர். பின் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகக் கூடாது.
● ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும்.
● கீழே விழுந்த, உப்பிய, நனைந்த பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், அந்த வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கில் வராது. ஆர்.சி. வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ஆனால் இந்த அளவுகளை அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பலரும் இதைப் படிப்பதில்லை. கிட் வாங்கும்போது சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

'மலை ஏற வேண்டும், 1,000 வாட் மோட்டார் போட்டுவிடலாம்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அப்போது அது மோட்டார் வாகனம். பரிசோதனைச் சான்று இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது. வளைவில் எதிரே வருபவர் மீது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். வண்டிச் செலவில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

பெட்ரோல் பைக்கை மின்சாரத்துக்கு மாற்றுவதும் இப்படித்தான். உங்கள் பைக் மாடலுக்கென்று ஒப்புதல் பெற்ற ரெட்ரோஃபிட் கிட்டைப் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிக் கொண்டால்தான் செல்லும்.

ரெடிமேட் வண்டி: பலமும் பலவீனமும்

மின்சார இரு சக்கர வாகனத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆம்பியர் நிறுவனம் 2008-ல் கோவையில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் வண்டிகள் ஓசூரில் தயாராகின்றன. டி.வி.எஸ். ஐக்யூப் 2020-ல் அறிமுகமானது. ஓலாவின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் இருக்கிறது.

இப்போது அதே கணக்கை ஸ்கூட்டருக்குப் போடுவோம். வண்டி 110 கிலோ, ஆளும் பையும் 75 கிலோ, மொத்தம் 185. உயரத்துக்கு மட்டும் 504 வாட்-ஹவர். கூடுதல் வேகம் என்பதால் காற்றுத் தடையும் அதிகம். எல்லாம் சேர்த்து ஒருமுறை மெட்டுக்கு ஏற 1,100 முதல் 1,200 வாட்-ஹவர் ஆகும். 3,000 வாட்-ஹவர் பேட்டரி உள்ள வண்டி என்றால் ஏறக்குறைய 40 சதவீதம். தாராளமாகப் போய் வரலாம்.

கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் சமதளத்துக்கானது என்பதை மறவாதீர்கள். சமவெளியில் கிலோமீட்டருக்கு 30 வாட்-ஹவர் எடுக்கும் வண்டி, மலை ஏறும்போது 45 எடுக்கும். 100 கிலோமீட்டர் போகும் என்று சொன்னால் ஏற்றத்தில் 65 என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. முழு மின்சார வண்டிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அசெம்பிள் செய்பவருக்கு இது கூடுதல் சுமை. பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ வாரண்டி தருகின்றன. நாமே செய்த வண்டிக்கு நாமே வாரண்டி!

பலவீனம் என்ன? ரெடிமேட் ஸ்கூட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் சாஃப்ட்வேரைக் கம்பெனி மட்டுமே திறக்க முடியும். சாதாரணக் கோளாறுக்கும் சர்வீஸ் சென்டரில்தான் நிற்க வேண்டும். போடியில் உங்கள் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இல்லாவிட்டால் தேனிக்கோ மதுரைக்கோ வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிவரும். என் சாஃப்ட்வேர் அனுபவத்தில் சொல்கிறேன்: பூட்டிய சாஃப்ட்வேர் உள்ள பொருளை வாங்கும்போது, பூட்டைத் திறப்பவர் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

அசெம்பிள் செய்த வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஒயர் அறுந்தால் நாமே ஒட்டலாம். ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் பெஞ்சமின் வெடர் உருவாக்கிய வெஸ்க் என்னும் ஓப்பன் சோர்ஸ் கன்ட்ரோலரை வாங்கினால், யூ.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்து, மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர், எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் நாமே அமைக்கலாம். அதற்கான சாஃப்ட்வேர் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் இலவசம். கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இறக்கத்தில் ஓர் எச்சரிக்கை

மலையிலிருந்து இறங்கும்போது பல ஸ்கூட்டர்களில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரியைச் சிறிது சார்ஜ் செய்யும். ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பது இதுதான். இதனால் வண்டியின் வேகமும் குறைகிறது. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ள இடமில்லை, இந்த வசதி வேலை செய்யாது. முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். எனவே மேலே சார்ஜ் போடுபவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். எங்கள் மலையில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேற்றியவர்களின் கதைகள் நிறைய உண்டு.

யாருக்கு எது பொருந்தும்?

அசெம்பிள் செய்யலாம்: சமதளத்தில் தினமும் 10, 20 கிலோமீட்டருக்குள் போய் வருபவர்கள், கையில் நல்ல சைக்கிள் இருப்பவர்கள், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்கள்.

ரெடிமேடாக வாங்குங்கள்: தினமும் மலை ஏறுபவர்கள், பின்னால் ஆள் ஏற்றுபவர்கள், மூட்டை ஏற்றுபவர்கள், ஒரு நாள் வண்டி நின்றால் சம்பளம் போகும் நிலையில் உள்ளவர்கள்.

எதைச் செய்தாலும் பேட்டரியை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். பி.எம்.எஸ். உள்ள, பில்லும் வாரண்டியும் தரும் முழு பேக்காக வாங்குங்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிக்காதே என்பார்கள். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கம்ப்யூட்டரை எரிக்கும், மட்டமான பேட்டரி வீட்டையே எரிக்கும்.

கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

1. பேட்டரி ஏ.ஐ.எஸ். 156 தரச் சான்று பெற்றதா?
2. வாரண்டி எத்தனை ஆண்டு? கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்?
3. வாரண்டி முடிந்தபின் புதிய பேட்டரி என்ன விலை?
4. சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில்?
5. 250 வாட் வண்டி என்றால் பரிசோதனை நிலையச் சான்று எங்கே?
6. என் பாதையில், என் எடையோடு டெஸ்ட் டிரைவ் தருவார்களா? ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது.
7. இன்றைய தேதியில் மானியம், சாலை வரிச் சலுகை ஏதும் உண்டா? இவை அடிக்கடி மாறுவதால் வாங்கும் நாளில் கேட்பதே சரி.

சித்தப்பா என்ன செய்தார்?

நான்கு மாதம் கழித்து, சீட்டு எடுத்த பணத்தில் பாதியும், தவணையில் மீதியுமாக ஒரு ரெடிமேட் ஸ்கூட்டர் வாங்கினார். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் வண்டியைக் கேட்டு வாங்கி, என்னைப் பின்னால் உட்கார வைத்து, 17 வளைவுகளையும் ஏறிப் பார்த்தார். இப்போது தினமும் அதில்தான் தோட்டத்துக்குப் போகிறார். காலையில் முழு சார்ஜோடு ஏறுகிறார். மாலையில் இறங்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்பக் கிடைக்கிறது. பலத்த மழையும் மூடுபனியும் உள்ள நாட்களில் மட்டும் பழையபடி ஜீப்.

நான் செய்த சைக்கிள் வீணாகவில்லை. சித்தி அதில் கடைத்தெருவுக்கும், தங்கை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் உள்ள டியூஷனுக்கும் போய் வருகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு பிரேக் ஒயர், ஒரு டியூப் தவிர வேறு செலவு இல்லை. சமதளத்துக்காக அந்த 26,800 ரூபாய் சரியான முதலீடு. மலைக்காக நினைத்துச் செய்ததுதான் தவறு.

எனவே வாசகர்களே, அசெம்பிளா, ரெடிமேடா என்று முடிவு செய்யும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்து அந்த மூன்று வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் எடை, உங்கள் பாதை, உங்கள் பேட்டரி ஆகிய மூன்று எண்களும் கையில் இருந்தால் விற்பனையாளர் என்ன சொன்னாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.